பெண்களின் சிறுநீர்க் கசிவுக்கான இயன்முறை மருத்துவம்

பெண்களின் சிறுநீர்க் கசிவுக்கான இயன்முறை மருத்துவம் என்பது, விருப்பமின்றிச் சிறுநீர் வெளியேறும் குறைபாடு உள்ள பெண்களுக்கு அறுவையும் மருந்தும் இன்றி அளிக்கப்படும் சிகிச்சை முறையாகும். இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சி, சிறுநீர்ப்பைப் பயிற்சி, அன்றாடப் பழக்கங்களில் மாற்றம் ஆகிய மூன்றும் இதன் முதன்மைக் கூறுகளாகும். தேவைக்கேற்ப உயிர்ப்பின்னூட்டம், மின் தூண்டல் ஆகியனவும் பயன்படுத்தப்படுகின்றன. பிசியோதெரபி என்று பரவலாக அறியப்படும் இயன்முறை மருத்துவத்தில் இது மகளிர் நலம் சார்ந்த தனிப்பிரிவாக வளர்ந்துள்ளது.

இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிவது பிள்ளை பெற்றவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இயல்பே என்ற கருத்து பலரிடம் உள்ளது. இது பரவலாகக் காணப்படும் குறைபாடே தவிர, இயல்பான நிலை அன்று. கூச்சத்தின் காரணமாகப் பல பெண்கள் இதனைக் குடும்பத்தாரிடமோ மருத்துவரிடமோ சொல்வதில்லை. ஆனால், முறையாகக் கற்பிக்கப்பட்டு மேற்பார்வையுடன் செய்யப்படும் தசைப் பயிற்சி இக்குறைபாட்டைக் குணப்படுத்தவோ பெருமளவு குறைக்கவோ வல்லது என்பது பல ஆய்வுகளால் நிறுவப்பட்டுள்ளது.

வரைவிலக்கணமும் வகைகளும்

1971ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பன்னாட்டுச் சிறுநீர்க் கட்டுப்பாட்டுக் கழகம், விருப்பமின்றி நிகழும் எந்தவொரு சிறுநீர்க் கசிவையும் இக்குறைபாடாக வரையறுக்கின்றது. கசிவின் அளவு சில துளிகளாக இருப்பினும் இவ்வரையறை பொருந்தும். பெண்களிடம் பெரிதும் காணப்படும் வகைகள் மூன்று ஆகும்.

* அழுத்தக் கசிவு: இருமல், தும்மல், சிரிப்பு, ஓட்டம், பளு தூக்குதல் போன்றவற்றால் வயிற்றறையின் அழுத்தம் திடீரென உயரும்போது ஏற்படுவது.
* அவசரக் கசிவு: அடக்க இயலாத சிறுநீர் உந்துதல் எழுந்து, கழிவறையை அடைவதற்குள் ஏற்படுவது.
* கலப்புக் கசிவு: மேற்கூறிய இரண்டும் ஒருவரிடமே காணப்படுவது.

நோர்வே நாட்டில் 27,936 பெண்களிடம் நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், நான்கில் ஒரு பங்கினருக்கு ஏதேனும் ஒரு வகைக் கசிவு இருந்தது தெரியவந்தது. அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு அழுத்தக் கசிவும், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலானோருக்குக் கலப்புக் கசிவும், எஞ்சியோரில் பெரும்பாலோருக்கு அவசரக் கசிவும் இருந்தன.

வகையைச் சரியாக அறிவது முக்கியமானதாகும். அழுத்தக் கசிவில் குறை பெரும்பாலும் தசைகளின் தாங்குதிறனில் உள்ளது. அவசரக் கசிவில் சிறுநீர்ப்பைச் சுவர்த் தசை உரிய நேரத்துக்கு முன்பே சுருங்க முற்படுகின்றது. எனவே இரண்டுக்குமான பயிற்சிகள் ஒரே அளவில் அமைவதில்லை.

இடுப்புத் தளத் தசைகள்

இடுப்புக்கூட்டின் அடிப்பகுதியில், முன்புறம் உள்ள பூப்பெலும்பிலிருந்து பின்புறம் உள்ள வால் எலும்பு வரை ஒரு தொட்டில் போல விரிந்துள்ள தசைத் தொகுதியே இடுப்புத் தளத் தசைகள் எனப்படுகின்றது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய உறுப்புகளை இது கீழிருந்து தாங்குகின்றது. சிறுநீர் வடிகுழாய், யோனி, மலக்குடல் ஆகியன இத்தசைத் தளத்தின் ஊடாகவே வெளிச்செல்கின்றன. இரண்டாம், மூன்றாம், நான்காம் திருவெலும்பு நரம்புகள் வழியாக இத்தசைகள் இயக்கம் பெறுகின்றன.

இத்தசைகளில் இருவகை இழைகள் உள்ளன. பெரும்பான்மையான இழைகள் மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் தளராது நிற்பவை. நாள் முழுதும் உறுப்புகளைத் தாங்குவது இவற்றின் பணி. எஞ்சியவை விரைவாகச் சுருங்கி விரைவில் சோர்பவை. தும்மல் எழும் கணத்தில் வடிகுழாயை இறுக்குவது இவற்றின் பணியாகும். பயிற்சியில் நெடிய சுருக்கம், விரைவான சுருக்கம் ஆகிய இரண்டும் சேர்க்கப்படுவதன் காரணம் இதுவே.

அமெரிக்க மருத்துவரான சான் டிலான்சி 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட விளக்கத்தின்படி, சிறுநீர் வடிகுழாய் ஒரு தூளியின் மீது கிடப்பது போல யோனியின் முன்சுவரின் மீதும் அதனைத் தாங்கும் திசுக்களின் மீதும் அமைந்துள்ளது. இருமும்போது மேலிருந்து வரும் அழுத்தம் வடிகுழாயை இத்தூளியின் மீது அழுத்தி மூடிவிடுகின்றது. தூளி உறுதியாக இருந்தால் குழாய் மூடும். தளர்ந்திருந்தால் குழாய் திறந்தே இருந்து சிறுநீர் கசியும். தரையில் கிடக்கும் தோட்டத்து நீர்க்குழாயை மிதிப்பதற்கு இது ஒப்பிடப்படுவதுண்டு. தரை கெட்டியாக இருந்தால் நீர் நிற்கும். சேறாக இருந்தால் குழாய் சேற்றில் புதையுமே அன்றி நீர் நிற்காது.

காரணங்கள்

கருவுறுதலும் மகப்பேறும் முதன்மைக் காரணங்களாகும். வளரும் கருவின் எடை, பிரசவத்தின்போது தசைகளும் நரம்புகளும் இழுபடுதல், ஆயுதப் பிரசவம் ஆகியன இடுப்புத் தளத்தைத் தளர்த்துகின்றன. அறுவைப் பிரசவம் இக்குறைபாட்டிலிருந்து முழுப் பாதுகாப்பு அளிக்கும் என்று கருதுவது சரியன்று. நோர்வேயில் 15,307 பெண்களிடம் செய்யப்பட்டு 2003ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், மகப்பேறு காணாத பெண்களில் 10.1 விழுக்காட்டினருக்கும், அறுவைப் பிரசவம் மட்டும் கண்டவர்களில் 15.9 விழுக்காட்டினருக்கும், இயல்பான பிரசவம் மட்டும் கண்டவர்களில் 21 விழுக்காட்டினருக்கும் கசிவு இருந்தது.

மாதவிடாய் நிறுத்தத்துக்குப் பின் ஏற்படும் ஈத்திரோசன் குறைவு, உடற்பருமன், நாட்பட்ட இருமல், நெடுநாள் மலச்சிக்கல், அடிக்கடி பளு தூக்குதல் ஆகியனவும் காரணங்களாகின்றன. நீரிழிவு, சிறுநீர்த் தொற்று, சிலவகை மருந்துகள், நரம்பு நோய்கள் ஆகியவற்றாலும் கசிவு உண்டாகலாம். இவற்றுக்கு மூல நோய்க்கான சிகிச்சையும் தேவைப்படுகின்றது.

மதிப்பீடு

இயன்முறை மருத்துவர் முதலில் பெண்ணின் மகப்பேற்று வரலாறு, பணி, பிற நோய்கள், கசிவு நிகழும் சூழல் ஆகியவற்றைக் கேட்டறிகின்றார். பின்னர் குறைந்தது மூன்று நாட்களுக்குச் சிறுநீர்ப்பை நாட்குறிப்பு எழுதும்படி கூறப்படுகின்றது. எந்த நேரத்தில் எவ்வளவு நீர் அருந்தப்பட்டது, எத்தனை முறை, எவ்வளவு சிறுநீர் கழிக்கப்பட்டது, எப்போது கசிந்தது ஆகியவை அதில் குறிக்கப்படுகின்றன. எழுதப் படிக்க இயலாதவர்கள் கோடுகளையோ படக்குறிகளையோ பயன்படுத்தலாம்.

தசைகளின் வலிமையை அறிவதற்கு, பெண்ணின் ஒப்புதலைப் பெற்று, கையுறை அணிந்த விரலால் யோனியின் உட்புறம் சோதிக்கப்படுகின்றது. சுருக்கம் ஏதுமின்மை 0 எனவும், வலிய சுருக்கம் 5 எனவும் கொள்ளும் திருத்திய ஆக்சுபோர்டு அளவுகோல் இதற்குப் பயன்படுகின்றது. சுருக்கத்தை எத்தனை வினாடிகள் நிறுத்த இயலுகின்றது, எத்தனை முறை தொடர்ந்து செய்ய இயலுகின்றது என்பனவும் குறிக்கப்படுகின்றன. உட்சோதனையை விரும்பாத பெண்களுக்கு, வெளிப்புறத்தைப் பார்த்தறிதல், வயிற்றின் மீது வைக்கப்படும் மீயொலிக் கருவியின் திரையில் சிறுநீர்ப்பையின் அடித்தளம் உயர்வதைக் காணுதல் ஆகிய வழிகள் உள்ளன. சோதனையின்போது மற்றொரு பெண் உடனிருக்க வேண்டும் என்று கேட்பதும், சோதனையை இடையில் நிறுத்தச் சொல்வதும் நோயாளியின் உரிமைகளாகும்.

இச்சோதனை வெறும் சடங்கன்று. அமெரிக்காவில் 1991ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், 47 பெண்களுக்குச் சுருக்கமான வாய்மொழி விளக்கம் மட்டும் தரப்பட்டது. அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேரே சரியாகச் சுருக்கினர். நான்கில் ஒரு பங்கினர் கசிவை மேலும் தூண்டக்கூடிய வகையில் செய்தனர். 'பயிற்சி செய்தும் பயனில்லை' என்று கூறும் பெண்களில் பலர் தவறான தசைகளை இயக்கியிருக்கக்கூடும் என்பதை இது உணர்த்துகின்றது.

இடுப்புத் தளத் தசைப் பயிற்சி

சரியான சுருக்கம் என்பது ஆசனவாய், யோனி, சிறுநீர் வடிகுழாய் ஆகியவற்றைச் சுற்றியுள்ள தசைகளை இறுக்கி, உள்நோக்கி மேலே உயர்த்துவதாகும். பலர் கூடியுள்ள இடத்தில் வாயுவை அடக்குவது போன்ற உணர்வு இதற்கு எளிய எடுத்துக்காட்டாகக் கூறப்படுகின்றது. சுருக்கிய பின் முழுமையாகத் தளர்த்துவதும் பயிற்சியின் ஒரு பகுதியாகும்.

பயிற்சியின்போது பொதுவாக நிகழும் தவறுகள் வருமாறு:

* மூச்சை அடக்குதல்
* மலம் கழிக்கும்போது செய்வது போலக் கீழ்நோக்கி முக்குதல்
* தசைத் தளத்துக்குப் பதிலாகப் புட்டத்தையோ தொடைகளையோ இறுக்குதல்
* வயிற்றை வலிந்து உள்ளிழுத்தல்

தொடக்கத்தில் படுத்த நிலையிலும், பின்னர் அமர்ந்தும், இறுதியில் நின்றும் பயிற்சி செய்யப்படுகின்றது. வலிமை குறைந்தவர்கள் 2 அல்லது 3 வினாடிகள் நிறுத்துவதில் தொடங்கிப் படிப்படியாக 8 முதல் 10 வினாடிகள் வரை உயர்த்துகின்றனர். ஒவ்வொரு சுருக்கத்துக்குப் பின்னும் குறைந்தது அதே அளவு ஓய்வு தரப்படுகின்றது. நெடிய சுருக்கங்களுடன் சில விரைவான சுருக்கங்களும் சேர்க்கப்படுகின்றன. பிரித்தானியாவின் தேசிய உடல்நல, பராமரிப்புச் சிறப்பு நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு வேளைக்குக் குறைந்தது 8 சுருக்கங்கள் வீதம் நாளொன்றுக்கு 3 வேளை செய்வதைப் பரிந்துரைக்கின்றது. அழுத்தக் கசிவும் கலப்புக் கசிவும் உள்ள பெண்களுக்குக் குறைந்தது 3 மாதங்கள் மேற்பார்வையுடன் கூடிய பயிற்சியே முதல் சிகிச்சை என்றும் அது கூறுகின்றது.

தசை வலுப்பெறக் காலம் தேவை. முதல் சில வாரங்களில் மாற்றம் புலப்படாமை இயல்பு. பலர் இக்கட்டத்தில் பயிற்சியைக் கைவிடுகின்றனர். வேளைக்கு உணவு, பல் துலக்குதல், தொலைக்காட்சித் தொடர் என ஏற்கெனவே உள்ள ஒரு வழக்கத்துடன் பயிற்சியை இணைத்துக்கொள்வது கைவிடாமலிருக்க உதவும்.

சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்திப் பார்ப்பது, தசை எதுவென அறியும் வழியாக முன்னர் கூறப்பட்டு வந்தது. இதனைப் பயிற்சியாகத் தொடர்ந்து செய்வது சிறுநீர்ப்பை முழுவதும் காலியாவதைத் தடுக்கக்கூடும் என்பதால் இன்று பரிந்துரைக்கப்படுவதில்லை.

முன்சுருக்க உத்தி

இருமல், தும்மல் அல்லது பளு தூக்குதலுக்குச் சற்று முன்பாகவே இடுப்புத் தளத்தைச் சுருக்கி, அச்செயல் முடியும் வரை நிறுத்திவைப்பது முன்சுருக்க உத்தியாகும். அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், இவ்வுத்தியைக் கற்ற முதிய பெண்களிடம் இருமும்போது ஏற்படும் கசிவு ஒரு வாரத்திலேயே கணிசமாகக் குறைந்தது. தசை வலுப்பெறுவதற்கு முன்பே பலன் தரும் உத்தி என்பதால் முதல் நாளிலேயே இது கற்பிக்கப்படுகின்றது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றும் முன்பும், 20 லிட்டர் குடிநீர்க் கேனைத் தூக்கும் முன்பும், குழந்தையைத் தரையிலிருந்து எடுக்கும் முன்பும் இதனைச் செய்யலாம்.

சிறுநீர்ப்பைப் பயிற்சி

அவசரக் கசிவு உள்ள பெண்கள், கசிந்துவிடுமோ என்ற அச்சத்தால் அடிக்கடி கழிவறைக்குச் செல்லும் வழக்கத்தை மேற்கொள்கின்றனர். இதனால் சிறுநீர்ப்பை சிறிதளவு நிறைந்தவுடனேயே உந்துதலை உணர்த்தப் பழகிவிடுகின்றது. இவ்வழக்கத்தை மாற்றுவதே சிறுநீர்ப்பைப் பயிற்சியின் நோக்கமாகும்.

நாட்குறிப்பிலிருந்து தற்போதைய இடைவெளி கணக்கிடப்பட்டு, அது 15 முதல் 30 நிமிடங்கள் வரை படிப்படியாக நீட்டிக்கப்படுகின்றது. உந்துதல் எழும்போது ஓடாமல் நின்று அல்லது அமர்ந்து, இடுப்புத் தளத்தைச் சில முறை சுருக்கி, கவனத்தை வேறொன்றில் செலுத்தி, உந்துதல் தணிந்த பின் நடந்து செல்லும்படி கற்பிக்கப்படுகின்றது. மூன்று மணி நேரத்தை ஒட்டிய இடைவெளியை எட்டுவது பொதுவான இலக்காகும். இப்பயிற்சி குறைந்தது 6 வாரங்கள் தொடரப்பட வேண்டும்.

பழக்கவழக்க மாற்றங்கள்

கசிவுக்கு அஞ்சி நீர் அருந்துவதைக் குறைப்பது பெண்களிடம் பரவலாகக் காணப்படும் வழக்கமாகும். இது தீங்கு விளைவிக்கும். நீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்துகின்றது. நீர்க்கடுப்பும் தொற்றும் மலச்சிக்கலும் எளிதில் உண்டாகின்றன. அவற்றால் உந்துதலும் கசிவும் மிகுகின்றன. சென்னை போன்ற வெப்பம் மிகுந்த ஊர்களில் இவ்வழக்கம் உடல்நலத்துக்கு மேலும் ஊறு செய்யும். நீரின் அளவைக் குறைப்பதைவிட, காப்பி, தேநீர் ஆகியவற்றின் அளவைக் குறைப்பது பயன் தரும்.

உடல் எடையைக் குறைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியாகும். அமெரிக்காவில் உடற்பருமன் உள்ள 338 பெண்களிடம் நடத்தப்பட்டு 2009ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், ஆறு மாதத்தில் சராசரியாக 8 விழுக்காடு எடை குறைத்த குழுவினரிடம் வாராந்தரக் கசிவுகள் 47 விழுக்காடு குறைந்தன. ஒப்பீட்டுக் குழுவில் இக்குறைவு 28 விழுக்காடாக இருந்தது.

மகப்பேற்றுக்குப் பின் வயிற்றைத் துணியால் இறுகக் கட்டும் மரபு தமிழ்நாட்டில் உள்ளது. இக்கட்டு இடுப்புத் தளத் தசைகளை வலுப்படுத்துவதில்லை. எனவே இதனைத் தசைப் பயிற்சிக்கு மாற்றாகக் கொள்ள இயலாது.

கருவிகளின் பயன்பாடு

உயிர்ப்பின்னூட்டம் என்பது தசைச் சுருக்கத்தை அழுத்த அளவாகவோ மின் அலையாகவோ திரையில் காட்டும் முறையாகும். தசையை உணர இயலாதவர்களுக்குக் கற்பிக்க இது உதவலாம். ஆயினும் பிரித்தானியாவில் 600 பெண்களிடம் நடத்தப்பட்டு 2020ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், மேற்பார்வையுடன் பயிற்சி செய்தவர்களுக்கு இக்கருவியைக் கூடுதலாகத் தந்ததால் இரண்டு ஆண்டுகளின் முடிவில் கூடுதல் பலன் ஏதும் காணப்படவில்லை.

தசையைத் தாமாகச் சுருக்க இயலாதவர்களுக்கு மின் தூண்டல் பயன்படுத்தப்படுவதுண்டு. கருவுற்ற பெண்களுக்கும் இதயமுடுக்கி பொருத்தப்பட்டவர்களுக்கும் இது தவிர்க்கப்படுகின்றது. நோர்வே நாட்டு இயன்முறை மருத்துவர் காரி பூ உள்ளிட்டோர் 107 பெண்களிடம் ஆறு மாதங்கள் நடத்தி 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், தசைப் பயிற்சி, மின் தூண்டல், யோனிக் கூம்புகள், சிகிச்சையின்மை ஆகிய நான்கும் ஒப்பிடப்பட்டன. அவற்றுள் தசைப் பயிற்சியே சிறந்த பலனைத் தந்தது. விலையுயர்ந்த கருவி இல்லாமையால் சிகிச்சை இல்லை என்று கருத வேண்டியதில்லை என்பது இவ்வாய்வுகளிலிருந்து பெறப்படுகின்றது.

வரலாறு

இடுப்பின் அடித்தளத்தைச் சுருக்கும் பயிற்சி இந்திய யோக மரபில் மூலபந்தம் என்ற பெயரில் நெடுங்காலமாக அறியப்பட்டதாகும். அதன் நோக்கம் சிறுநீர்க் கசிவுக்கான சிகிச்சை அன்று. எனினும் இயக்கப்படும் தசைகள் பெரிதும் ஒன்றே. பிரித்தானியாவில் நடனக் கலைஞரும் இயன்முறை மருத்துவருமான மார்கரெட் மாரிசு 1930களில் மகப்பேற்றுக்குப் பிந்தைய பயிற்சிகளில் இத்தசைகளுக்கான இயக்கங்களைச் சேர்த்தார்.

அமெரிக்க மகளிர் நோய் மருத்துவரான ஆர்னால்டு கெகல் 1948ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் ஒரு திருப்புமுனையாகும். இப்பயிற்சி இன்றும் கெகல் பயிற்சி என்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றது. கெகல் வாய்மொழி விளக்கத்தோடு நிறுத்தவில்லை. விரலால் சோதித்துச் சரியான சுருக்கத்தைக் கற்பித்ததுடன், பெரினியோமீட்டர் என்ற அழுத்தமானியை உருவாக்கிப் பெண்கள் தம் முன்னேற்றத்தைத் தாமே காணச் செய்தார். பின்னாளில் பயிற்சியின் பெயர் பரவிய அளவுக்கு இச்சோதனையும் மேற்பார்வையும் பரவவில்லை.

ஆய்வுச் சான்றுகள்

31 ஆய்வுகளில் பங்கேற்ற 1,817 பெண்களின் தரவுகளைத் தொகுத்து 2018ஆம் ஆண்டில் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வின்படி, அழுத்தக் கசிவு உள்ள பெண்களில் தசைப் பயிற்சி பெற்றவர்களுள் 56 விழுக்காட்டினர் குணமடைந்ததாகத் தெரிவித்தனர். பயிற்சி பெறாதவர்களுள் இது 6 விழுக்காடாக இருந்தது. கடுமையான பக்கவிளைவுகள் ஏதும் பதிவாகவில்லை.

இதே அமைப்பின் 2020ஆம் ஆண்டு மதிப்பாய்வு, கசிவு இல்லாத கருவுற்ற பெண்கள் தொடக்கத்திலேயே பயிற்சியை மேற்கொண்டால், கருவுற்ற இறுதி மாதங்களில் கசிவு ஏற்படும் வாய்ப்பு 62 விழுக்காடு குறைவதாகக் கூறுகின்றது. மகப்பேற்றுக்குப் பின் 3 முதல் 6 மாதங்களில் இவ்வாய்ப்பு 29 விழுக்காடு குறைகின்றது.

கனடாவில் 60 வயதுக்கு மேற்பட்ட 362 பெண்களிடம் நடத்தப்பட்டு 2020ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, தனித்தனியாகப் பயிற்சி பெற்றவர்களையும் குழுவாகப் பயிற்சி பெற்றவர்களையும் ஒப்பிட்டது. ஓராண்டுக்குப் பின் கசிவுகள் முதல் பிரிவினரிடம் 70 விழுக்காடும் இரண்டாம் பிரிவினரிடம் 74 விழுக்காடும் குறைந்திருந்தன. இரு பிரிவினருக்கும் சரியான சுருக்கம் முதலில் தனியே கற்பிக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது. பயிற்றுநர்கள் குறைவாக உள்ள நாடுகளுக்கு இம்முடிவு மிகவும் பயனுள்ளதாகும்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் இயன்முறை மருத்துவப் பட்டப்படிப்பு, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரிகளிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் கற்பிக்கப்படுகின்றது. போரூரில் உள்ள சிறீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனமும் காட்டாங்குளத்தூரில் உள்ள எசு.ஆர்.எம். நிறுவனமும் இப்படிப்பை நடத்துகின்றன. 2021ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணைநிலை மற்றும் உடல்நலத் தொழில்முறையினருக்கான தேசிய ஆணையச் சட்டம், இயன்முறை மருத்துவத்தை ஒழுங்குபடுத்தப்படும் தொழில்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

2019–21 காலத்தில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. அறுவைப் பிரசவங்களின் பங்கு 44.9 விழுக்காடு ஆகும். ஏறத்தாழ ஒவ்வொரு தாயும் மகப்பேற்றையொட்டி மருத்துவ நிலையத்துக்கு வருகின்றார் என்பது இதன் பொருள். இரத்த அழுத்தமும் எடையும் பார்க்கப்படும் அந்த வருகைகளில் ஒன்றில், கசிவு உள்ளதா என்ற ஒரு கேள்வியும் தசைச் சுருக்கம் பற்றிய சில நிமிட விளக்கமும் சேர்க்கப்பட்டால், பின்னாளில் தாமாகச் சொல்லத் தயங்கும் பெண்களையும் சிகிச்சை எட்ட வாய்ப்புண்டு.

2021 ஆகத்து 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளுடன் வீட்டிற்கே வந்து அளிக்கப்படும் இயன்முறை மருத்துவமும் இடம்பெற்றது. நடமாட இயலாத முதியோருக்குக் கழிவறையை உரிய நேரத்தில் அடைய இயலாமையே கசிவுக்குக் காரணமாக இருப்பதுண்டு. அத்தகையோருக்கு நடைப்பயிற்சி, கைப்பிடிக் கம்பி பொருத்துதல், இரவில் படுக்கையருகே கழிகலம் வைத்தல் ஆகியவையும் கசிவுக்கான சிகிச்சையே ஆகும்.

1989ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுதும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்கள், குழுப் பயிற்சிக்குப் பொருத்தமான அமைப்பாகும். ஒரே தெருவில் வாழ்ந்து, வாரந்தோறும் கூடும் பெண்களிடையே இப்பேச்சைத் தொடங்குவது எளிது. தனக்கு மட்டுமே உள்ள குறை என்று எண்ணியிருந்தவர், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் அது உண்டு என்று அறிவதே கூச்சம் நீங்குவதற்கான முதற்படியாக அமையலாம்.

பணியிடங்கள்

காஞ்சிபுரம் மாவட்டம் குன்றத்தூரை அடுத்த திருமுடிவாக்கத்தில் உள்ள சிட்கோ தொழிற்பேட்டை, 1984ஆம் ஆண்டு தாம்பரத்தில் அமைக்கப்பட்ட மெப்சு எனப்படும் ஏற்றுமதி மண்டலம் ஆகியவற்றால் சென்னையின் தென்புறநகர் தொழிற்பகுதியாக வளர்ந்தது. இத்தகைய பகுதிகளில் பணிபுரியும் பெண்களுக்குச் சிறுநீர்க் கசிவு வீட்டோடு முடியும் குறை அன்று. நெடுநேரம் நிற்றல், பளு தூக்குதல், நெடுந்தொலைவுப் பேருந்துப் பயணம் ஆகியன கசிவைக் கூட்டக்கூடும். கசிவு உள்ளவர் பணி நேரம் முழுதும் நீர் அருந்தாமலிருத்தல், துணியோ அணையாடையோ வைத்துக்கொள்ளுதல், தோல் புண்ணாகுதல், இறுதியில் வேலையையே விட்டுவிடுதல் ஆகியவை ஒன்றையொட்டி ஒன்றாக நிகழக்கூடியன.

தசைப் பயிற்சி மட்டும் இதற்குப் போதுமானதன்று. செல்வதற்குக் கழிவறையும், செல்வதற்கு நேரமும் வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பெண்களுக்குத் தனிக் கழிவறை அமைக்க வகை செய்தது. அச்சட்டத்துக்கு மாற்றாக வந்த 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்பு, நலவாழ்வு, பணிச்சூழல் சட்டத் தொகுப்பும் அதற்கு வகை செய்கின்றது. கேரளத்தின் கோழிக்கோட்டில் துணிக்கடைப் பெண் ஊழியர்கள் கழிவறைக்காகவும் அமரும் உரிமைக்காகவும் போராடினர். அதனையடுத்து 2018ஆம் ஆண்டில் கேரளமும், 2021ஆம் ஆண்டில் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வசதி அளிப்பதைக் கட்டாயமாக்கின.

பயிற்சியைச் செய்யத் தனி இடமோ உடையோ தேவையில்லை என்பது பணிபுரியும் பெண்களுக்குச் சாதகமாகும். ஒருமுறை சரியாகக் கற்றுக்கொண்டவர் பேருந்தில் அமர்ந்திருக்கும்போதும், இயந்திரத்தின் முன் நிற்கும்போதும் பிறர் அறியாமல் இதனைச் செய்ய இயலும்.

மருத்துவரை அணுக வேண்டிய நிலைகள்

பின்வரும் நிலைகளில் பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரின் சோதனை இன்றியமையாதது:

* சிறுநீரில் இரத்தம் காணப்படுதல்
* காய்ச்சல், எரிச்சல் அல்லது வலியுடன் கூடிய கசிவு
* சிறுநீர் கழித்த பின்னும் சிறுநீர்ப்பை நிறைந்திருப்பது போன்ற உணர்வு
* யோனி வழியே கட்டி போன்று ஏதேனும் இறங்குதல்
* பிரசவத்துக்கோ இடுப்பறை அறுவைக்கோ பின் இரவும் பகலும் இடைவிடாத கசிவு

இறுதியாகக் கூறப்பட்டது சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் இடையே ஏற்படும் புரைவழியின் அறிகுறியாகலாம். அதனைப் பயிற்சியால் குணப்படுத்த இயலாது. பெரும்பாலும் அறுவை தேவைப்படும். கால்களில் திடீர்ச் சோர்வு அல்லது தொடைகளின் உட்புறத்தில் உணர்வின்மையுடன் கசிவு தொடங்கினால் அது தண்டுவட நரம்புகள் அழுத்தப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம் என்பதால், காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

விளைவுகளும் வரம்புகளும்

பயிற்சியால் அனைவரும் முழுமையாகக் குணமடைவதில்லை. மூன்று மாதப் பயிற்சிக்குப் பின்னும் பலன் காணாதவர்களுக்கு, அவசரக் கசிவாயின் மருந்துகளும், அழுத்தக் கசிவாயின் தாங்கு வளையம் அல்லது அறுவையும் உள்ளன. அறுவை செய்துகொள்பவர்களுக்கும் தசைப் பயிற்சி பின்னர் பயன்படக்கூடும். பயிற்சியை அறவே நிறுத்திவிட்டால், உடலின் பிற தசைகளைப் போலவே இவையும் மீண்டும் தளர்கின்றன. ஆகையால், கசிவு நின்ற பின்னரும் குறைந்த அளவில் பயிற்சியைத் தொடர வேண்டியுள்ளது. முதுமையிலும் இத்தசைகள் பயிற்சிக்கு ஏற்ப வலுப்பெறுகின்றன என்பதால், வயது கடந்துவிட்டது என்பது சிகிச்சையைத் தவிர்ப்பதற்கான காரணம் ஆகாது.